காசு கொடுத்து வாங்கின அமெரிக்க அழுக்கு

அன்று காலை கடையில் இருந்தது மூன்று பேர்: சூசை அண்ணை, சிவலோகம் அண்ணை, நான். இல்லாதது இரண்டு பேர்: பத்திரோன், அதாவது எங்கள் முதலாளி, மற்றது சுவரில் வேலை செய்த அலங்காரக்காரர். பத்திரோன் வைன் எடுக்கப் போயிருந்தார். அலங்காரக்காரர் வேலை முடிந்ததென்று முதல்நாளே லியோனுக்கு ரயிலேறிவிட்டார். இவர்களில் ஒருவர் நின்றிருந்தாலும் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

ரெஸ்ரோறண்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அனுபவம் நாலு வருஷம்தான். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கோப்பை கழுவினாலும், கண்டதைக் குறித்து வைக்காமல் இருக்க முடியவில்லை.

1. திறப்பு நாள்

கடை லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருந்தது. அங்கே மெட்ரோ இரும்புத் தூண்களின் மேலே ஓடும். ஒவ்வொரு ரயிலுக்கும் எங்கள் கிளாசுகள் கிணுகிணுக்கும். பழைய கஃபேயைப் பத்திரோன் அமெரிக்கச் சாப்பாட்டுக்கடையாக மாற்றியிருந்தார். மாலை ஏழு மணிக்குத் திறப்பு. அது நல்லபடி நடந்தால் திங்கட்கிழமை எனக்குக் கொந்திரா, அதுதான் நிரந்தர வேலை ஒப்பந்தம், எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடுதாசி கையில் இருந்தால் ஸ்தேன் புறநகரில் என் பெயரில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம். அப்போது ஏழு பேர் படுக்கிற அறையில் கதவடிதான் என் இடம். யார் வேலைக்கு எழும்பினாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும், சிலர் தாண்டுவதுமில்லை.

அலங்காரக்காரர் நாலு நாளாகப் பின்சுவருக்குப் பிளாஸ்ரிக் திரை கட்டி உள்ளே நின்று வேலை செய்தார். அன்று காலை திரை இல்லை. செங்கல் சுவர் முழுக்கக் கரி. துருத் தண்ணீர் வழிந்த கோடுகள். எண்ணெய்க் கைகள் பட்ட அடையாளங்கள். "நாலு நாள் என்னத்தைச் செய்தவன் இவன்? துடைக்கக்கூட இல்லை" என்றார் சிவலோகம் அண்ணை. அவர்தான் எங்கள் குசினியில் சமைக்கிறவர், யாழ்ப்பாணத்து ஆள். புதுக்கடை திறக்கிற நாளில் இப்படி ஒரு சுவரா என்று அவருக்கு மனமே கேட்கவில்லை.

பத்திரோன் துண்டு எழுதி வைத்திருந்தார்: ஏழு மணிக்கு முதல் எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான்தான். சுவரும் எல்லாத்துக்குள்ளே அடக்கம்தானே என்று நான்தான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சுடுதண்ணீர், ஜவேல் என்கிற வெளுக்கிற மருந்து, கம்பித்தும்பு. மூன்று பேரும் பாட்டும் பகிடியுமாக உரஞ்சினோம். பதினொரு மணிக்குச் செங்கல் ரோசாப்பூ நிறத்தில் வந்தது. சிவலோகம் அண்ணை மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மன்னார்க் கத்தோலிக்கரான சூசை அண்ணை அதே சுவருக்குச் சிலுவை அடையாளம் போட்டார். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பு.

2. தொலைபேசி

பதினொன்றரைக்குப் பத்திரோன் போன் எடுத்தார். சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அற்புதமாக இருக்கிறது முசியே என்றேன். ஒருவரும் அதில் சாயக்கூடாது, ஈரத்துணி கிட்டக் கொண்டு போகக்கூடாது, ஒரு அமெரிக்க நகரத்துச் சந்தின் அழுக்கை அப்படியே கொண்டுவரத் தான் எட்டாயிரம் பிராங் கொடுத்ததாகச் சொன்னார். ஆறு மணிக்கு வருவாராம்.

நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன்.

"என்னடா தம்பி, ஆர் செத்தது?" என்று கேட்டார் சூசை அண்ணை.

விஷயத்தைச் சொன்னேன். சிவலோகம் அண்ணை சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எட்டாயிரம் பிராங்குக்கு ஊத்தை வாங்குகிற மனிசனை அவர் வாழ்நாளில் கண்டதில்லையாம். சூசை அண்ணைக்கும் தொற்றியது. என் கொந்திரா வாளித் தண்ணீரோடு போனதை நினைத்து அழப்போன நானும் கடைசியில் சிரித்தேன்.

3. எந்த ஊர் அழுக்கு

நல்லகாலம், இரண்டு பேரும் பழைய கப்பல்காரர். சூசை அண்ணை கண்டது பால்ட்டிமோர், நியூ ஓர்லியன்ஸ். சிவலோகம் அண்ணை ஏரிப் பக்கத்தால் டிட்ரோயிட், சிக்காகோ வரை போனவர். அழுக்கைத் திருப்பிப் பூசலாம், ஆனால் எந்த ஊர் அழுக்கு? அங்கேதான் சண்டை பிடித்தது.

பால்ட்டிமோர் அழுக்கு காய்ந்த அழுக்கு, நிலக்கரி ஏற்றுகிற இடம், பல்லுக்குள் நறநறக்கும் என்றார் சூசை அண்ணை. நியூ ஓர்லியன்சில் ஈரம் கீழேயிருந்து பச்சையாக ஏறும். அதெல்லாம் ஒரு அழுக்கா என்றார் மற்றவர். டிட்ரோயிட்டில் எண்ணெய் அழுக்கு, சவர்க்காரம் போட்டால் சவர்க்காரம்தான் கறுக்கும். சிக்காகோவில் காற்றால் ஒரு பக்கமாகத்தான் படியுமாம்.

"அப்ப நியூயோர்க்?" என்று கேட்டேன்.

சூசை அண்ணை குனிந்து கம்பித்தும்பைப் பொறுக்கினார். "நியூயோர்க்கிலை நான் இறங்கேல்லை. காய்ச்சல்."

"இவ்வளவு நேரமும் நியூயோர்க் மேயர் மாதிரியெல்லோ கதைச்சனீர்" என்றார் சிவலோகம் அண்ணை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் சுவரில் சோக்கால் மூன்று பங்கு பிரித்தேன். இடப்பக்கம் பால்ட்டிமோர், வலப்பக்கம் டிட்ரோயிட், அடியில் நீட்டுக்கு நியூ ஓர்லியன்ஸ். சிக்காகோவுக்கு இடமில்லை. கம்பித்தும்பை வினாகிரியில் கொதிக்கவைத்தால் நல்ல துருத் தண்ணீர் வரும். தேயிலைச் சாயம் இறுக்கிக் காய்ச்சினோம். பொரித்த எண்ணெயில் கை தோய்த்துச் சிவலோகம் அண்ணை டிட்ரோயிட்டில் அடையாளம் வைத்தார். பால்ட்டிமோருக்கு மட்டும் கரி போதவில்லை. கரி பிடித்த தாச்சிச் சட்டிகளை முதல்நாள் நானே மினுக்கி வைத்திருந்தேன்.

தூரிகையும் குப்பைவாரியும் எடுத்துக்கொண்டு மெட்ரோத் தூணடிக்குப் போனேன். எத்தனை வருஷத்துக் கரியோ, சுரண்டச் சுரண்ட வந்தது. நாயோடு வந்த ஒரு கிழவி நின்று பார்த்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். துப்புரவு, மதாம் என்றேன். கடைசியில் ஒருவனாவது வந்தானே என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அடுத்த தூணையும் காட்டிவிட்டுப் போனாள். அதையும் சுரண்டினேன்.

4. ஏழு மணி

பத்திரோன் ஆறு மணிக்கு வந்து சுவருக்கு முன்னால் நின்றார். கிட்டப் போனார். மோந்து பார்த்தார். நேற்றையைவிட இன்று நன்றாக இருக்கிறது, ஒரு நாள் காய்ந்தால்தான் நிறம் இறங்கும் என்று அலங்காரக்காரன் சொன்னது சரிதான் என்றார். சூசை அண்ணை குசினிக்குள் போய்த் துவாயைக் கடித்தார்.

ஏழரைக்கு ஒரு அமெரிக்கர் மனைவியோடு வந்தார், தாடிக்காரர். சாப்பாட்டு அட்டையைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். பால்ட்டிமோர்ப் பங்கில் விரலை வைத்தார். அவர் மனைவியிடம் சொன்ன ஒரு சொல் மட்டும் எங்களுக்கு விளங்கியது: கிளீவ்லாண்ட். அவரின் சொந்த ஊராம், பிறகு பத்திரோன் சொன்னார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கிளீவ்லாண்டுக்கு நான் போகேல்லை" என்றார் சூசை அண்ணை மெதுவாக.

"நானும் போகேல்லை" என்றார் சிவலோகம் அண்ணை.

"நான் போனனான் அண்ணை. மத்தியானம், தூணடிக்கு" என்றேன்.

5. திங்கட்கிழமை

கையெழுத்து முதல், உண்மை பிறகு என்று சிவலோகம் அண்ணை படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். பத்திரோன் பேனா மூடியைக் கழற்றியதும் எனக்கு வாய் நிற்கவில்லை. ஜவேல், மஞ்சள் தண்ணீர், பால்ட்டிமோர், கிழவி, எல்லாம் கொட்டிவிட்டேன். கதவடிப் படுக்கைதான் இனி எனக்கு என்று நினைத்தேன்.

அவர் எழும்பிப் போய் டிட்ரோயிட்டில் இருந்த கை அடையாளத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். திரும்பினபோது சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. வந்து கையெழுத்து வைத்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு இடத்தைக் கழுவ முதல், அந்த அழுக்கு யாருடையது என்று கேளுங்கள்.

கடுதாசியை என்னிடம் நீட்டின பத்திரோன் அதை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் குடுத்தது எட்டாயிரம். உங்களுக்கு எவ்வளவு காசு முடிஞ்சுது?"

கம்பித்தும்பு, வினாகிரி, தேயிலை. தூணடிக் கரிக்கு ஒருவரும் காசு கேட்கவில்லை. கூட்டிச் சொன்னேன்: முப்பத்தொரு பிராங், நாற்பது சந்தீம்.