அப்பா இருமாத நாள்

அப்பா பனிமலையிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு பச்சை டிரங்குப் பெட்டியையும் ஓர் இருமலையும் கொண்டுவந்தார். பெட்டியில் அம்மா அரிசி கொட்டி வைத்துக்கொண்டாள். இருமலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மலை உச்சியில் காவல் நின்றபோது நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, இனி ராணுவத்துக்கு ஆகமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். சேர்க்கும்போது மார்பை அளந்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஆயிரம் பேரில் பொறுக்கி எடுத்தவர்கள், திருப்பி அனுப்பும்போது இந்த வியாதி இவர் உடம்பிலேயே இருந்திருக்கும், வேலையால் வந்ததில்லை என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஊனப் பென்ஷன் கிடையாது. சர்வீஸும் முழுசாக முடியவில்லை என்பதால் மற்ற பென்ஷனும் கிடையாது.

மிலிட்டரியிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தயாராக இருக்கும் ஒரே வேலை வாட்ச்மேன் வேலை. அப்பாவுக்குக் கிடைத்தது ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் கேட். நல்ல நுரையீரல் உள்ளவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் இடம் அது. அங்கே உட்கார்ந்து ராத்திரி முழுக்க அந்தக் காற்றை இழுத்துவிட்டுக் காலையில் வருவார். படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். இந்த வேலையை விடாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் அம்மாவின் சம்பளத்தில் வேலையை விடுவது எப்படி? பென்ஷன் வந்தால் விடலாம். அதற்காகத்தான் அப்பீல்.

அப்பீலில் ஒரே ஒரு நல்லது நடந்தது. நோய் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று ராணுவ டாக்டர்களின் மெடிக்கல் போர்டு மறுபடியும் பார்க்கட்டும் எனச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் உண்டு. ஆபீசர்கள் முன்னால் போகிறார் என்றதும் ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கோட்டு கொடுத்தார், ஒருவர் மெடல்களைத் துடைத்தார். அம்மா தன் கம்பெனியில் ஏற்றுமதிக்கு ஆகாமல் ஒதுக்கிய ஷூ ஒரு ஜோடியைச் சொல்லிவைத்து வாங்கிவந்தாள். அப்பாவின் அண்ணன், ரிட்டயர்டு ஹவில்தார், தாமே நின்று மீசையைச் சரி செய்தார்.

“சீக்கு புடிச்ச கோழியாட்டம் போய் நிக்காதடா. ஆபீசருங்க இன்னா நெனப்பாங்க? ரெஜிமெண்ட் மானம் போய்டும்.”

மூன்றாம் வகுப்பு படித்த நான் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இப்போது நினைத்தால்தான் தெரிகிறது. ஊரே சேர்ந்து ஒரு நோயாளியை அழித்துவிட்டு ஒரு சிப்பாயை அனுப்பி வைத்தது.

போர்டு மாடியில் இருந்தது. படியில் பாதி ஏறியதும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே யூனிஃபார்மில் ஒருவர் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு நேராக ஏறினார். நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ஓர் அதிகாரி ஹிந்தியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார் போல. அப்பாவின் ஷூ ஒன்றோடொன்று அடித்த சத்தம் கேட்டது.

“டீக் ஹை, சாப்!”

அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் ‘டீக் ஹை’ தெரியும். மலையிலிருந்து போன் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்தாள்.

பிறகு அவரை வெளியே நீளமான தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அப்பா நடக்கவில்லை, மார்ச் செய்தார். கைகள் தோள் வரை போய் வந்தன. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு தடவைகூட இருமவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டித் தாளம் போட்டேன். சல்யூட் அடித்து முடித்ததும் நேரே பாத்ரூமுக்குப் போனார். அங்கேதான் வெடித்தது, அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த இருமல். அம்மா எழுந்து ஓடி, “சார், இப்ப வந்து கேளுங்க சார், வந்து பாருங்க” என்று கதவருகே நின்றவரிடம் கெஞ்சினாள். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.

ரயில் அரக்கோணம் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“இன்னாத்துக்கு அப்டி அடக்கிக்கினீங்க? இருமித் தொலைக்க வேண்டியதுதான?”

“சாப் முன்னாடி எப்டி இருமறது?” என்றார் அப்பா.

இருமவில்லை என்று ஒரு மனிதரைத் திட்டுவார்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். சிரிப்பு உடனே இருமலானது.

மறுநாள் ராத்திரி அவர் வழக்கம்போல் கேட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், ஒரு விடியற்காலை, அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதன் பிறகு வந்த அப்பீல் உத்தரவும் அவர் பெயருக்குத்தான் வந்தது. அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருவதும் வராததும் இப்போது அதில்தான் இருந்தது. பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னார். நல்ல தோற்றத்துடன் வந்தார். நிமிர்ந்து நடந்தார். நடையில் தளர்ச்சி எதுவும் காணப்படவில்லை. உடல்நலம் நன்றாக இருப்பதாகத் தாமே கூறினார். அந்த இடத்தில் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, அப்பீல் நிராகரிக்கப்படுகிறது என்ற கடைசி வரியை யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா செத்ததிலிருந்து எல்லாரும் பாவம், பாவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பற்றி இவ்வளவு நல்லதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியப்பாவின் கையை இழுத்து, நிமிர்ந்து நடந்தார் என்று வருகிறதே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.