உள்ளே இருக்கும் திருடி

என் அக்கா வீட்டுக்காரர், தான் செய்த எந்தக் கிரில்லையும் தொங்கிப் பார்க்காமல் கொடுத்ததில்லை. ஜன்னலோ, மாடிக் கைப்பிடியோ, வாசல் கேட்டோ எதுவானாலும் சரி. வெல்டிங் சூடு ஆறியதும் இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, மொத்த உடம்பையும் விட்டுத் தொங்குவார். அது லேசுப்பட்ட உடம்பும் இல்லை, அக்காவின் கைமணம் அப்படி. கம்பி முனகவில்லை என்றால் இறங்கிக் கையைத் தட்டிக்கொள்வார். "எந்தத் திருடனும் கிட்ட வரமாட்டான்" என்பார்.

"திருடன் வராட்டி என்ன அத்தான்? நீங்க தொங்குற தொங்குல செவுரே வந்துடும்" என்று நான் தையல் மெஷினிலிருந்தே குரல் கொடுப்பேன். அவர் பட்டறையும் என் தையல் அறையும் ஒரே வீட்டின் இரண்டு பக்கம். கொழுந்தியாள் கேலி செய்யாவிட்டால் அவருக்கும் பொழுது போகாது.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி திருடன்தான். அளவெடுக்கப் போனால் முதலில் தெருவில் நின்று, தானே திருடனாக இருந்தால் எங்கே கால் வைப்பேன் என்று அந்த வீட்டை முறைத்துப் பார்ப்பார். இப்போது அப்படியில்லை. நேராக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டுக்காரர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். எல்லாம் எங்கள் வாண்டு செய்த வேலை.

வாண்டு அவருடைய பேத்தி. அக்கா மகள் பிரசவ விடுமுறையை முடிந்தவரை நீட்டிவிட்டு, குழந்தையோடு எங்களிடம் வந்து தங்கியிருந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. இவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. படித்து, அலைந்து, காத்திருந்து வாங்கிய வேலை. பகலில் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.

ஆனால் வாண்டு வீட்டுக்குள் இருந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். பின்பக்கம் கொண்டுபோய் விட்டால் சத்தமே இருக்காது. அங்கே ஒரு மரம், குழாய், துவைக்கிற கல், சிமெண்டு பெஞ்சு. அதற்கப்பால் வேலியில்லாமல் படிகள் இறங்கி, நேராக லாரி ஓடும் சாலையில் முடியும். இவளோ நடக்கவே பழகவில்லை, எடுத்த எடுப்பில் ஓடப் பழகினவள்.

"அப்பா, பின்பக்கம் பத்திரமா இருந்தாதான் நான் வேலைக்குப் போவேன். இல்லன்னா விட்டுடறேன்" என்றாள் மகள்.

"அடப் போம்மா. கிரில் போடறவன் மகளுக்கு இது ஒரு கவலையா?" என்றார் அத்தான்.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதில் இறங்கினார். இடுப்பளவு வேலி. குறுக்கே அலை அலையாக வளைந்த கம்பிகள், அவற்றின் மேல் வரிசையாக இரும்புப் பூக்கள். அவர் செய்ததிலேயே அழகானது அதுதான், நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிறுத்தி, தொங்கிப் பார்த்து, கையைத் தட்டிவிட்டுப் பேத்தியை இறக்கிவிட்டார்.

வாண்டு ஓடிப்போய் முதல் கம்பியைப் பிடித்தாள். "பிடிச்சு நிக்கிறா பாரு!" என்று அக்கா கைதட்டினாள். குழந்தை ஒரு பூவின் மேல் கால் வைத்தது, அடுத்த பூவின் மேல் அடுத்த கால். நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் மேல்கம்பியில் வயிறு படிய, தலை சாலைப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. அவள் அம்மா பாய்ந்து கவுனைப் பின்னாலிருந்து பிடித்தாள். நான் தைத்த கவுன். நல்லவேளை, இரட்டைத் தையல் போட்டிருந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அப்பா, நீங்க ஏணி செஞ்சு வெச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம், வேலையை விட்டுவிடப் போவதாகப் புருஷனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். கையிலிருந்த டீ ஆறிப்போனது. அன்றைக்கு எனக்கும் கேலி வரவில்லை.

மறுநாள் காலை கட்டிங் மெஷின் அலறியது. அத்தான் ஒவ்வொரு பூவாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன அத்தான் பண்றீங்க!"

"வெளியிலேருந்து வர்ற திருடனை மட்டுமே பாத்துட்டேன்மா. இது உள்ளேருந்து கெளம்புற திருடி" என்றார்.

பட்டறையைச் சாத்திவிட்டு, அந்தத் திருடி பின்னாலேயே முழங்காலிட்டுத் தவழ ஆரம்பித்தார். பக்கத்து மாடியிலிருந்து ஒரே சிரிப்பு. "என்னங்க, மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று கேட்டார்கள். அவர் காதிலேயே வாங்கவில்லை. பெஞ்சுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, வாய்க்குள் போகிற அளவு வெல்டிங் துண்டுகள், மூடி ஆடுகிற சாக்கடை எல்லாம் தரையிலிருந்து பார்த்தால்தான் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

சண்டை வந்தது பக்கெட்டில்தான். குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று அக்கா விடிந்ததும் எல்லாப் பக்கெட்டையும் நிரப்பி வைப்பாள்.

"கவுத்து வெச்சுடு" என்றார் அத்தான்.

"தண்ணி நின்னா நீங்களா சொமந்துட்டு வருவீங்க? பக்கெட்டுத் தண்ணியில யாருங்க முழுகுவா?"

அவள் வாயை மூடுவதற்குள், மிதக்கிற குவளையை எடுக்க வாண்டு பக்கெட்டுக்குள் குனிந்தாள். குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. அத்தான் தூக்கிவிட்டார். அக்கா எல்லாத் தண்ணீரையும் மரத்துக்கு ஊற்றிவிட்டுப் பக்கெட்டுகளைக் கவிழ்த்தாள். அப்புறம் மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

புது வேலி நெட்டுக்குத்துக் கம்பி, முன்னைவிட உயரம். இடையில் கால் வைக்க ஒன்றும் கிடையாது. "தலை நுழையாத அளவுக்குச் சந்து விட்டிருக்கேன்" என்று என்னிடம் காட்டினார்.

"அத்தான், கொழந்தைக்குத் தலைதான் பெரிசு, ஒடம்பு சின்னது. கவுனுக்குக் கழுத்துல எதுக்குப் பட்டன் வெக்கிறேன்னு நெனைக்கிறீங்க? காலு, இடுப்பு எல்லாம் வெளிய போயிடும், தலை மாட்டிக்கும். கழுத்துல தொங்குவா."

அவர் "ஒன் கையைக் குடு" என்று என் முஷ்டியை மடக்கச் சொல்லி, அது நுழையாத அளவுக்குச் சந்தைக் குறுக்கினார். தொழிலில் என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

எல்லாம் முடிந்ததும் மகள் வந்து பார்த்தாள். கம்பியை ஆட்டினாள், வேலிக் கேட்டின் கொண்டியை இழுத்தாள். கடைசியில் வேலியை ஒட்டியிருந்த பெஞ்சைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

அது அத்தானுடைய பெஞ்சு. பட்டறை ஆரம்பித்த வருஷம் தன் கையாலேயே கட்டியது. சாயங்கால டீயை வேறெங்கும் வைத்து அவர் குடித்ததே இல்லை. உள்ளே போய்ச் சம்மட்டியோடு வந்தார். "இதுவும் ஏணிதான்" என்று உடைத்தார். அக்கா மனசு கேட்காமல் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டீ குடித்து முடித்ததும் அதையும் தானே உள்ளே தூக்கிப்போனார்.

மறுநாள் பரீட்சை. மகள் கையைக் கட்டிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். "யாரும் அவளைத் தொடக்கூடாது" என்றாள். வாண்டு வேலிக்கு ஓடினாள். காலைத் தூக்கித் தேடினாள், கால் வழுக்கியது. இன்னொரு இடம், அங்கேயும் வழுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள், வேலியை உதைத்தாள். பிறகு எல்லாவற்றையும் மறந்துவிட்டு மரத்தடியில் மண்ணைக் கிளறப் போய்விட்டாள். மகள் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீங்க தொங்கிப் பாக்கலியா அத்தான்?" என்றேன்.

"தொங்க வேண்டியவ தொங்கிட்டாளே" என்றார்.

"வேலி இருக்குன்னு அவளைத் தனியா விட்டுட்டு யாரும் உள்ள போயிடாதீங்க" என்றாள் மகள். போகமாட்டோம் என்று மூன்று பேரும் தலையாட்டினோம். இன்றுவரை முறைவைத்துக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அக்கா மகள், குழந்தையை விட்டுவிட்டு மூலைக் கடைக்குப் போனால்கூட நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். பாதியில் ஓடிவந்தும் விடுவாள். வேலைக்குக் கிளம்பிய முதல் நாளும் அப்படித்தான் ஆகும் என்று நான் நினைத்தேன்.

காலையில் பை மாட்டிக்கொண்டு குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள். கேட்டைச் சாத்தி, வெளிப்பக்கம் உயரத்தில் இருந்த கொண்டியைப் போட்டாள். வெல்டர் மகள் அல்லவா, ஒருதரம் பலமாக இழுத்தும் பார்த்தாள். பிறகு படியிறங்கிச் சாலையோரமாக நடந்தாள். அத்தான் குழந்தையை அணைத்துக்கொண்டு கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றார். திருப்பம் வந்தது. அவள் நடந்த வேகத்திலேயே அதைக் கடந்து மறைந்துவிட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? ஒருதடவைகூடத் திரும்பிப் பாக்கல" என்றார்.