துடக்கு வீட்டிலிருந்து வந்த மருந்து

அடியார்களே, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆனி மாதத்தில், எங்கள் மருந்து அலுமாரியில் கடும் நோவைத் தணிக்கும் மோர்பின் தீர்ந்துபோனது. கேட்ட இடமெல்லாம் தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் ஒரு தாதி. இனிக் குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பராமரிப்பது என் வேலை. புண் கழுவுவேன். திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குப் பழக்குவேன். நோவுக்கு மருந்து கொடுப்பேன். அவர்கள் போன பிறகும் அந்த வீடுகளுக்குப் போவேன், இருப்பவர்களைப் பார்க்க. நல்லூரில் சந்துபோன்ற ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது எங்கள் சிறிய நிலையம். ஒரு டொக்டர், இரண்டு தாதிகள், ஓர் ஓட்டோ. அந்த மாதம் ஓட்டோ படுத்துவிட்டது. நான் சைக்கிளில் போனேன்.

சைக்கிள் மிதிப்பதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. வெறுங்கையோடு போய் நிற்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கொக்குவிலில், தண்டவாளத்தை ஒட்டிய வளவொன்றில் சிவமலர் என்ற தையல்காரப் பெண் இருந்தார். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. கணவர் தவம் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். ஒரே மகள் அபி, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மோர்பின் பாணி குடித்த நாட்களில் சிவமலர் எழுந்து சாய்ந்திருந்து மகளுக்குத் தலை பின்னிவிடுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்தார். மருந்து தீர்ந்த பிறகு அந்த உடம்பைத் தொடவே எங்களுக்குப் பயமாக இருந்தது. எங்களிடம் மிஞ்சியிருந்த குளிசைகள் அந்த நோவுக்குப் போதவில்லை.

ஒரு பின்னேரம் நான் போனபோது தவம் என்னை வாசற் படலையடியிலேயே மறித்தார். மெல்லிய குரலில் சொன்னார்.

"மிஸ், அவ கோச்சி வருமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறா. கோச்சி போகேக்கை மட்டும் கத்துவா. பிள்ளைக்குக் கேக்கக் கூடாதாம்."

அன்று நானும் அதைக் கேட்டேன். தண்டவாளத்தில் கோச்சி வீட்டையே உலுக்கிக்கொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக் குரல். கோச்சி போய் முடிந்ததும் அந்தக் குரலும் நின்றது. நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

சிவமலர் என்னைக் கூப்பிட்டார். தலையணையின் ஓரத்தைக் கடித்துக் கடித்து அது நனைந்துபோயிருந்தது.

"மிஸ், கும்பிட்டுக் கேக்கிறன். ஒண்டில் மருந்தோடை வாங்கோ. இல்லாட்டி இஞ்சை வராதேங்கோ. உங்களைக் கண்டா மருந்து வந்திட்டுது எண்டு என்ரை மனம் நம்புது. அது பொய்யாப் போகேக்கை இன்னும் கூட நோகுது."

எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள் நான். ஆனால் அன்று வீடு திரும்பும்போதுதான், இந்த வேலை இனி வேண்டாம் என்று முதன்முதலாக நினைத்தேன்.

மறுநாள் காலை எங்கள் பக்கத்துக் கடற்கரையிலுள்ள கொழும்புத்துறைக்குப் போனேன். அங்கே யோகராணி என்ற பெண்ணின் கணவர் நாதன் இறந்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுகூட இன்னும் ஆகவில்லை. அவர் கடற்றொழில் செய்தவர். தொண்டைப் புற்றுநோய். அவரையும் நாங்கள்தான் பார்த்தோம்.

யோகராணி அழவில்லை என்று ஊர் முழுக்கக் கதை. பிரேதம் எடுக்கும்போதும் அழவில்லை. சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்தும் அழவில்லை. சாப்பாடும் இல்லை. நான் போனபோது சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். கையைப் பிடித்தேன். அவர் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. தேநீர் ஆறிப்போய் ஆடை பிடித்திருந்தது.

"யோகராணி, என்னோடை ஒரு வார்த்தை கதையுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். இப்படி உறைந்துபோனவர்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன். அவர்களில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

திரும்பி வரும் வழியில் நல்லூர்க் கோயிலைக் கடந்தேன். துடக்கு வீட்டிலிருந்து வருகிறேன், குளிக்கவும் இல்லை. மரணம் நடந்த வீட்டாருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை துடக்கு, தீட்டு. அவர்கள் கோயிலுக்கோ பிறர் வீட்டுக்கோ போகமாட்டார்கள். அங்கே போய்வந்தவர்களும் குளிக்காமல் கோயிலுக்குள் போவதில்லை. ஆகவே வீதியின் மறுபக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். மத்தியானப் பூசை மணி அடித்தது. வெயில் தலையைப் பிளந்தது.

நான் சாமியாடுகிறவள் அல்ல. நேர்த்திகூடப் பெரிதாக வைத்ததில்லை. அன்று வாய்விட்டுக் கேட்டேன். "முருகா, கொழும்பிலிருந்து அந்த மருந்து லொறியை இண்டைக்கு அனுப்பு. இந்தப் பொம்பிளையை ஒருக்கா அழவை. இரண்டும் என்னாலை ஏலாது. ஒண்டும் என்னாலை ஏலாது." தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

லொறி வரவில்லை.

முகம் கழுவிவிட்டு வெளி விறாந்தைக்கு வந்தேன். படலையடியில் ஆண்கள் ஓடும் ஒரு பழைய சைக்கிள் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு யோகராணி நின்றார். சேலை முந்தானையால் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். காலையில் ஒரு சொல்லும் பேசாதவர், நான் கிட்டப் போனதும் அதை என் கையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"மிஸ், நீங்கள் போன பிறகு அவரின்ரை படத்தடி விளக்குக்கு எண்ணெய் விடப் போனனான். மேலை தட்டிலை உது கிடந்தது. காணக் காண எனக்கு இருக்கேலாமல் போச்சுது. மருந்து வர முதல் அவர் பட்ட பாட்டை நான் பாத்தனான். இப்பவும் ஆரும் அப்பிடிக் கிடக்கினமோ?"

என் கையில் ஒரு மோர்பின் போத்தல். மூடியின் முத்திரை உடைபடாமல் இருந்தது.

எங்கள் மற்றத் தாதி நாதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த கடைசிப் போத்தல் அது. அது முடிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கடைசி நாட்களில் அவருக்குத் தேவை குறைந்து, பழைய போத்தலே போதுமாக இருந்திருக்கிறது. அந்தக் காலையில் நான் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேனே, அதே அறையில், என் தலைக்கு மேலே அது இருந்திருக்கிறது.

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"மத்தியானப் பூசை மணி கேட்டுது. அப்ப வெளிக்கிட்டனான். துடக்கோடை எங்கை போறாய் எண்டு மச்சாள் ஏசினவா. நான் நிக்கேல்லை."

நான் கோயிலுக்கு எதிரே நின்று கேட்ட அதே நேரம். விறாந்தைப் படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

டொக்டர் போத்தலை வாங்கி முத்திரையையும் திகதியையும் பார்த்தார். எங்களிடமிருந்து போனதுதான் என்று உறுதிசெய்து, திரும்பப் பெற்றதாகப் பதிந்து, சிவமலருக்கு எழுதித் தந்தார். "உடனை போங்கோ" என்றார்.

நான் சைக்கிளில் ஏறும்போது யோகராணி கேட்டார். "ஆருக்கு மிஸ்?"

"கொக்குவிலிலை ஒரு தாய்க்கு."

"நானும் வரட்டே?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிவமலர் வீட்டுப் படலையில் யோகராணி நின்றுவிட்டார். "நான் உள்ளுக்கை வரேல்லை. துடக்கு" என்றார். தவத்துக்கு யார் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் வாங்கோ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாகக் கிடக்கும் மனைவி இருக்கும் வீட்டுக்குள் துடக்கோடு ஒருவரை எப்படி அழைப்பார்? நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து சிவமலரின் குரல் கேட்டது. "ஆரப்பா படலையடியிலை?"

தவம் சொன்னார்.

"உள்ளுக்கை கூப்பிடுங்கோ. இனி எனக்கென்ன துடக்கு."

மருந்தை அளந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம்போலக் காத்திருந்தோம். யோகராணி யாரும் சொல்லாமலே கால்மாட்டில் இருந்து, நோகாத இடமாகப் பார்த்து, சிவமலரின் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கணவருக்குச் செய்து பழகிய கை அது.

முதலில் சிவமலரின் விரல்கள் விரிந்தன. பிறகு நெற்றி. பிறகு தோள்கள் இறங்கின. அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். நோவுக்கு அடியில் அது அங்கேயே இருந்திருக்கிறது.

கோச்சி வந்தது. தவம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சுவர்கள் அதிர்ந்தன. கோச்சி போனது. வேறு சத்தம் இல்லை.

வாசலில் அபி புத்தகத்தோடு நின்றாள். "அம்மா இண்டைக்குக் கத்தேல்லை" என்றாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் முதலே தெரிந்திருந்தது. தவம் திரும்பி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிவமலர் கண் திறந்து யோகராணியைப் பார்த்தார்.

"அக்கா, உங்கடை அவருக்குக் கடைசியிலை நொந்ததே?"

இந்தக் கேள்வியை நோயாளிகள் எங்களிடம் கேட்பதில்லை. கேட்கத் துணிவதில்லை. யோகராணி மடியில் இருந்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"இல்லையம்மா. நோகேல்லை. நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். 'சோழகம் தொடங்கீட்டுதே?' எண்டு கேட்டார். அவருக்கு எப்பவும் காத்துத்தான் கதை. 'ஓம், தொடங்கீட்டுது' எண்டு சொன்னன். பிறகு திரும்பிப் பாக்கேக்கை போயிட்டார்."

அவருடைய குரல் மாறியது.

"நான் அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை. பானையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். இத்தனை வருசம் வாழ்ந்துபோட்டு, அந்த நேரம் பானையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவரை உறைய வைத்தது அதுதான். எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயிருப்பேன்! எனக்கு அது பிடிபடவில்லை.

சிவமலர் கையை நீட்டினார். எட்டவில்லை. யோகராணி குனிந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"அக்கா, நீங்கள் சோறு வடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டெல்லோ போயிருக்கிறார். வீடு வீடாயிருக்கேக்கை போயிருக்கிறார். நானும் கடவுளிட்டை அதைத்தான் கேக்கிறன். எல்லாரும் சுத்தி நிண்டு என்ரை முகத்தைப் பாத்தா எனக்குப் பயமாயிருக்கும்."

யோகராணி அழுதார். முதலில் சத்தமே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு அந்த வீடு முழுக்க அழுகை. சாகப்போகிறவர் அவருடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் தவமும் விறாந்தைக்குப் போய்விட்டோம். எங்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு யோகராணி தண்ணீர் கேட்டார். தவம் பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டிலேயே சாப்பிட்டார்.

அடியார்களே, இது தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நான் ஒரு வீட்டுக்கு மருந்தும் இன்னொரு வீட்டுக்குக் கண்ணீரும் கேட்டேன். இரண்டையும் கொழும்பிலும் வானத்திலும் தேடினேன். கந்தன் அந்த வீட்டிலிருந்ததை இந்த வீட்டுக்கும் இந்த வீட்டிலிருந்ததை அந்த வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்கு அவன் அனுப்பியது, யாரும் படலைக்குள் அழைக்கத் துணியாத ஒரு பெண்ணை. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கைகூப்பத்தான் தெரிகிறது.

அந்தப் போத்தல் முடிவதற்குள் எங்களுக்குப் புது மருந்து வந்து சேர்ந்தது. சிவமலருக்கு அதன் பிறகு மருந்து முட்டுப்படவில்லை. நல்லூரில் திருவிழாக் கொடியேறிய பிறகு ஒரு காலையில் அவர் போனார். தவம் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். அபி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டபடியே நடந்தது. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து அபியைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டவர் யோகராணி. இன்றும் தன் ஊரில் யாராவது இப்படிப் படுத்துவிட்டால் எனக்கு அறிவிப்பவர் அவர்தான். நான் போய்ச் சேரும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார்.

நான் வேலையை விடவில்லை. என் பிரார்த்தனை மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்த லொறி, எந்த நாள், என்ன செய்யவேண்டும் என்று முருகனுக்கு வழி சொல்லிக்கொடுப்பேன். இப்போது நோயாளியின் பெயரைச் சொல்வேன். வீட்டாரின் பெயரைச் சொல்வேன். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருடைய வீட்டிலாவது ஒருவர் படுக்கையில் இருக்கலாம். ஒருவரை அனுப்பிவிட்டு வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பவரும் இங்கே இருக்கலாம். கைவிடப்பட்டோம் என்று நினைக்காதீர்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயரையாவது அவனிடம் சொல்லுங்கள். அதற்கும் வாய் வராவிட்டால், போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் நான் கோயிலடியில் நிற்பேன். சேர்த்துச் சொல்கிறேன்.