தொட்டித் தீர்த்தம்

ஷிபெஷி அடிஸ் அபாபாவின் குடிநீர்த் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். தெருவில் காதை வைத்தே, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின், பழைய மாவுக் கிடங்கில் நடந்த காணொளிக் கலைக் கண்காட்சிக்குத் தொட்டிக் காவலராக வந்தார். வாசலில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. அதனால் இதில் உள்ள நேரங்கள் சரியானவை.

அந்தக் காட்சியைச் செய்தவள் மாஹ்லெட் என்ற இளம்பெண். மூன்று சுவர்களிலும் என்தோத்தோ மலையின் தீர்த்த ஊற்று ஓடும். விடியலில் வெள்ளைத் துணி போர்த்திய சனங்கள், தலையில் விழும் தண்ணீர், சிலுவை பிடித்த ஒரு குருவின் கை. நடுவே, முழங்கால் ஆழத்தில் உண்மையான தண்ணீர்த் தொட்டி. சுவரில் ஓடுவதெல்லாம் அதில் தலைகீழாக விழும். உள்ளே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். முதல் நாள் அறுபத்தொரு பேரில் நாற்பத்தெட்டு பேர்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும் மாமா. ஒரு பொட்டுப் பச்சை தெரிஞ்சாலும் படம் செத்துடும்" என்று மாஹ்லெட் சொல்லியிருந்தாள். அதனால் ஷிபெஷி தினமும் ஒரு மூடி பாசி கொல்லி மருந்து ஊற்றுவார். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்ற பலகையும் வைத்தார்.

மெகாபித் மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை. பெரிய நோன்பின் நடுப்பகுதி. முந்தின நாள் வெயில் அதிகம் என்பதால் அன்று இரண்டு மூடி ஊற்றினார். ஊற்றுமுன் வழக்கம்போல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். விடியலிலிருந்து எண்ணும் எங்கள் ஊர்க் கணக்கில் பகல் ஏழு மணி இருபதுக்கு, அதாவது உச்சி சாய்ந்து ஒரு மணி இருபது நிமிடம் கழித்து, காலையிலிருந்தே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வெளியே வந்தாள். போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, ஒம்பது மணிக்குப் பூசை முடியும்ல? முடிஞ்சதும் எம் பொண்ணுக்குக் குடுத்துடுவேன்" என்றாள்.

நோன்பு முடிக்கும் சாப்பாட்டைச் சொல்கிறாள் என்று நினைத்தார் ஷிபெஷி. "குடு தங்கச்சி. கடவுள் பாத்துக்குவாரு."

அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். உள்ளே போன ஷிபெஷி கத்தினார்.

"ஐயா, இங்க வாங்க! தொட்டியிலேருந்து வாசல் வரைக்கும் சொட்டியிருக்கு. மொண்டுட்டுப் போயிட்டா!"

பதிவேட்டைப் புரட்டினேன். வொர்க்நெஷ், ஷிரோ மெடா, தறிக்காரர் வளவு. தொலைபேசி எண் இடத்தில் வெறும் கோடு. ஷிபெஷி மருந்து டப்பாவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். நானும் போனேன்.

ஷிரோ மெடாவில் தறிக்காரர் வளவு ஒன்றல்ல. முதல் வளவில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவதில் ஒரு தறிக்காரர் தறியை நிறுத்தாமலே சிரித்தார்.

"இந்த வயசுல ரெண்டு பேரும் சேந்து ஒரே பொண்ணத் தேடுறீங்களா? நோன்பு மாசம் பெருசுகளா!"

"ஒரு புள்ள உசுரு போகப்போகுதுய்யா" என்றார் ஷிபெஷி.

தறி நின்றது. "வலிப்புக்காரப் பொண்ணோட அம்மாவா? மேல, தகரக் கதவு."

மேட்டில் ஏறும்போதே எதிரே வெள்ளைப் போர்வைகள் இறங்கி வரத் தொடங்கின. பூசை முடிந்துவிட்டது. ஷிபெஷி கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு ஏறினார்.

தகரக் கதவு திறந்தே இருந்தது. ஒன்பது வயது மஹ்தெர் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாய் குப்பியிலிருந்து குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடுக்காத! அது தீர்த்தமில்ல!"

வொர்க்நெஷ் திரும்பினாள். "நீங்கதானே சிலுவை போட்டு ஊத்துனீங்க? என் கண்ணால பாத்தேன்."

"பஸ்ல ஏறும்போதுந்தான் சிலுவை போடுறேன். அந்த பஸ்ஸையும் கரைச்சுக் குடிப்பியா?"

"வெறும் தண்ணிக்கு எதுக்குத் தொடாதேன்னு பலகை?"

ஷிபெஷி டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதில் மண்டையோடு போட்டிருந்தது. "இத நான்தான் கலந்தேன். இந்தக் கையால. இன்னைக்கு ரெண்டு மூடி."

அவள் அதைப் பார்த்தாள். பிறகு குவளையைத் தூக்கினாள். "தீர்த்தத்துல விசம் நிக்காது. மஹ்தெர், வாயத் தெற."

பிள்ளை வாயைத் திறந்தது. ஷிபெஷியின் கை பாதி தூரம் நீண்டு நின்றுவிட்டது. தீர்த்தம் என்று ஒரு தாய் ஏந்தியதைத் தட்டிவிட அவருக்கும் மனம் வரவில்லை. குரல்தான் வந்தது.

"தீர்த்தம்னா கேட்டு வாங்குறதுதானே? என்தோத்தோவுல யாராச்சும் ஒளிச்சு எடுத்துட்டு வருவாங்களா? நீ ஏன் போர்வைக்குள்ள வெச்சுட்டு வந்த?"

குவளை பிள்ளையின் உதட்டருகே நின்றது.

"கேட்டா இல்லன்னுடுவீங்கன்னு..."

"ஏன் இல்லன்னு சொல்லுவேன்? நெனச்சுப் பாரு தங்கச்சி."

வொர்க்நெஷின் கண் டப்பாவுக்குப் போய், பிள்ளைக்கு வந்தது. குவளை மெல்ல இறங்கியது. எழுந்து வெளியே போனாள். தீர்த்தத்தைக் கால் படும் இடத்தில் ஊற்றக் கூடாது என்பதால், சுவரோரம் யாரும் மிதிக்காத ஒரு மூலையைத் தேடி, குவளையையும் குப்பியையும் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள். ஷிபெஷி தடுக்கவில்லை.

"இப்ப எம் பொண்ணுக்கு நான் எதைக் குடுக்க?" என்று சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள் மஹ்தெர். தீர்த்தத்துக்காகக் காலையிலிருந்து அவள் வெறும் வயிறு. வொர்க்நெஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு இஞ்ஜெரா அப்பமும் பருப்புக் குழம்பும் எடுத்து வந்தாள். எங்களையும் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம்.

மறுநாள் காலை மாஹ்லெட் பாசியைப் பற்றிக் கேட்டாள். "மருந்து இனி கெடையாது. தண்ணிய நான் தெனம் மாத்துறேன்" என்றார் ஷிபெஷி. கண்காட்சி இன்னும் இருபத்தாறு நாள் நடந்தது. அத்தனை நாளும் அந்த அறுபத்து மூன்று வயது மனிதர் தொட்டியை இறைத்துத் துடைத்து, தெருமுனைக் குழாயிலிருந்து நாற்பது மஞ்சள் கேன் சுமந்து வந்து நிரப்பினார். பலகையையும் எடுத்துவிட்டார். அந்த நாட்களில் பதினொரு பேர் போர்வைக்குள் குப்பியோடு வெளியே போனதை என் பதிவேட்டில் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஷிபெஷி சுவரில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.