சிஞ்ஞோராவின் ஊருக்கு வடக்கே

பலேர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு வீட்டில் வேலை கேட்டுப் போனேன். கணவரை இழந்த, பார்வை மங்கிய, வயதான ஆங்கிலேய அம்மா; இத்தாலியில் சிஞ்ஞோரா என்போம். நாங்கள் பேசியதெல்லாம் இத்தாலியனில்தான்; என் ஞாபகத்தில் மட்டும் எல்லோரும் மன்னார்த் தமிழ் பேசுகிறார்கள்.

"இங்கிலிஷ் வாசிப்பியோ?"

'ஓம்' என்பதை மூன்று மொழிகளில் சொன்னேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். கையெழுத்து இல்லாவிட்டால் வதிவிட அனுமதியான பெர்மெஸோவைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெஸோ இல்லாவிட்டால் இத்தாலியில் நானே இல்லை.

"உங்களுக்கு இங்கிலிஷ் தெரியுமெண்டு அவவுக்கு ஆர் சொன்னது?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"நம்பின மனுசி பாவம்."

வாசிக்கத் தந்தது அவர் பிறந்த ஊரைப் பற்றிய மெல்லிய புத்தகம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மூலை. ஆறு, பாலம், மாவரைக்கும் ஆலை. எழுத்துக்கூட்டி உரத்து வாசிக்க எனக்கு வரும்; அங்கொன்று இங்கொன்றாகச் சில சொற்கள் தவிர, விளங்குவதுதான் வராது. ஊர்க் கோயிலைக் கட்டியவர்கள் நோர்மன்கள் என்று வந்தது. அவர்கள் பலேர்மோவில் கட்டிய பெரிய கோயிலைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவன் நான். அதில் தைரியம் ஏறிவிட்டது.

மாதக் கடைசியில் மேல்மாடிப் பெண் கோப்பி குடிக்க வந்தாள். இங்கிலிஷ் அறியாதவள். "வாசிச்சதை இவவுக்குச் சொல்லு" என்றார் சிஞ்ஞோரா.

அந்தப் பக்கத்தில் 'மூர்' என்று இருந்தது. இது எனக்குத் தெரியாதா? எங்கள் நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் முஸ்லிம்களான சோனகரின் இனத்தை இங்கிலிஷில் அப்படித்தானே எழுதுவார்கள்!

"ஊருக்கு வடக்காலை சோனகர் இருக்கினம். மாரி முழுக்க நனைஞ்சுபோய்க் கிடப்பினம். கோடையிலை ஆடு மேய்ப்பினம்."

"சோனகரோ? இங்கிலாந்திலையோ?" என்றாள் அவள்.

"ஓம், நல்ல சனம். ஊரிலை எங்கடை பக்கத்து வீடு அவையள்தான், பெருநாளுக்கு வட்டிலப்பம் தருவினம். இவை ஏன் கூரை போடேல்லை எண்டுதான் புத்தகத்திலை இல்லை."

சிஞ்ஞோராவின் கோப்பை ஆடியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு. மூச்சு வந்த பிறகு விளக்கினார்: அங்கே மூர் என்பது ஈரமும் புதருமான வெறும் மேட்டு நிலம். மனிதர் எவரும் இல்லை.

"உனக்கு இங்கிலிஷ் தெரியாது, என்ன?"

"வாசிப்பன் சிஞ்ஞோரா. விளங்காது."

"அப்ப இந்த ஒரு மாதமும்?"

"உங்களைப்போல நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

பெர்மெஸோ போயிற்று என்று நினைத்தேன். அவர் மேசையில் பேனையைத் தடவித் தேடி எடுத்தார். ஒப்பந்தத்தில் இடம் காட்ட அவர் விரலைப் பிடித்து வைத்தேன். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்:

"சின்னனிலை அந்த மேட்டிலை தனிய நடக்கச் சரியான பயம் எனக்கு. சோனகர் அங்கையே இருக்கட்டும்."