சரிகைக் கேள்வி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய டப்பா டிவி இருந்தது. அதில் என் பழைய கம்ப்யூட்டரை இணைத்து ஒரே ஒரு விளையாட்டு விளையாடுவேன். வெளிநாட்டு டிவியில் ஒரு காலத்தில் ஓடிய வினாடி வினாவை விளையாட்டாக்கி கேசட்டில் விற்றார்கள். கேசட் கீச்சிட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏறி முடிய நாலு நிமிடம் நாற்பது வினாடி. பிறகு கட்டம் கட்டமாக ஒரு கோட்டுக்காரர் வந்து கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் ஒரு கதவு திறக்கும். பன்னிரண்டு கதவும் திறந்தால் கார். படத்தில்தான்.

போன மாதம் மகன் சுவரில் மாட்டும் டிவி வாங்கினான். அதில் என் வயரைச் செருக இடமே இல்லை. பழசை எடைக்குப் போடலாம் என்றான். எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. மருமகள்தான் ஒரு வழி சொன்னாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம எங்க எதிர்ல அந்தக் கார ஜெயிச்சுக் காட்டுங்க. டிவி இங்கயே இருக்கட்டும். தோத்தா எடைக்கு."

ஒப்புக்கொண்டேன். பதினொரு கதவு திறந்தது. பன்னிரண்டாவதில், நான் பயந்த கேள்வியே வந்தது. இந்தியப் பட்டுச் சேலையின் சரிகையில் அதிகம் உள்ள உலோகம் எது? ஒன்று, தங்கம். இரண்டு, வெள்ளி.

கோட்டுக்காரர் தங்கம் என்றால்தான் கதவைத் திறப்பார். அது தப்பு. நெசவாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் சரிகையை நிறுத்துக் கொடுத்தவன் நான். பட்டு நூல்மேல் சுற்றுவது வெள்ளிக் கம்பி. தங்கம் அதன்மேல் வெறும் பூச்சு.

"ஒண்ண அழுத்திட்டுப் போங்கபா. அது கேக்கறது அதான்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றான் மகன்.

"தெரியும்."

"டிவி போயிடும்."

"போகட்டும்."

இரண்டை அழுத்தினேன். கர்ரென்று சத்தம். கோட்டுக்காரர் தலையை ஆட்டினார். நெசவாளி வீட்டில் பிறந்த மருமகள் எழுந்து வயரைப் பிடுங்கினாள்.

"பதில் சரிதான் மாமா. ஆனா டிவி போவுது."

போனது. ஒப்பந்தம் டிவிக்குத்தான், கம்ப்யூட்டருக்கு இல்லை. மறுநாளே வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். நான்கு கடை ஏறி இறங்கி, ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கிடந்த சின்ன டப்பா டிவியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இப்போது அது என் கட்டிலருகே இருக்கிறது.

அதற்குப் பின் அந்தக் கேள்வி ஒன்பது முறை வந்துவிட்டது. ஒன்பது முறையும் இரண்டைத்தான் அழுத்தினேன். காரைக் கோட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.