டிரைவர் எபோ குவான்சா சொன்ன சொல்

எசி பதுவா முற்றத்தில் குந்தியபடி கணவனின் நீலச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, பிறகு கறுப்பு சோப். காலரில் இருந்தது போய்விட்டது. தையலுக்குள் இறங்கியது போகவில்லை. பையின் மேல் தைத்திருந்த கம்பெனிப் பெயரைச் சுற்றி அது பழுப்பாக நின்றது. தூக்கிப் போட்டுவிடலாம்தான். ஆனால் வேலை போனால் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் போட்டுக்கொண்டு போக வேண்டும். எதுவானாலும் துவைத்தாக வேண்டும்.

அந்த ரத்தத்தில் பாதி எபோ குவான்சாவுடையது. மீதி, எசியின் தங்கை மென்சிமாவுடைய புருஷன் அத்தோப்ராவுடையது.

எபோ கடற்கரைப் பக்கத்துக்காரன். மரம் ஏற்றும் லாரியில் கிளீனராக எங்கள் வாஸா காட்டுக்குள் வந்தவன், லாரி ஓட்டக் கற்று, கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டான். தங்கச் சுரங்கக் கம்பெனி வந்தபோது மேனேஜரின் வண்டிக்கு ஆள் தேடினார்கள். எபோவுக்கு இங்கிலீஷ் தெரியும், எங்கள் பேச்சும் தெரியும். மேனேஜருக்கு எங்கள் பேச்சில் காலை வணக்கம்கூட வராது.

எங்கள் பக்கத்தில் தலைவர் சபையில் நேராகப் பேசுவதில்லை. அருகில் கோல் பிடித்து நிற்கும் ஒச்சியாமேதான் பேசுவார். அவர் சொன்னால் தலைவர் சொன்னது. பிறகு தலைவரே வந்து ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று பின்வாங்க முடியாது. தொமென்சோ ஊரில் நிலம் கேட்டுக் கம்பெனி வந்த அன்று, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுத்தார். எழுந்து நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசியவன் எபோ. மேனேஜரின் மூன்று வார்த்தைகளை அவன் பத்தாக்கி, தேன் தடவிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவனைக் கம்பெனியின் ஒச்சியாமே என்றார்கள். “கோல் எங்க ஒச்சியாமே?” என்று கிண்டல் செய்தால் வண்டிச் சாவியை உயர்த்திக் காட்டுவான். அவனுக்கு அது பிடித்திருந்தது. எசிக்கும் பிடித்திருந்தது. வேட்டையில் எது விழுந்தாலும் ஒரு தொடை இவர்கள் வீட்டுக்கு வந்தது.

தொமென்சோவின் கீழ்த்தெருவைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. அத்தோப்ராவின் வீடும் கோகோத் தோப்பும் அங்கேதான் இருந்தன.

ஒரு சனிக்கிழமை, துக்க வீட்டுப் பந்தலில் எல்லாரும் துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். நாட்டுச் சாராயம் சுற்றி வந்தது. அத்தோப்ரா சகலையின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“அண்ணே, உங்க ஆளுங்க எப்ப வர்றாங்க? கூரை ஒழுகுது. தகரம் மாத்தவா, வேண்டாமா?”

“மாத்துடா. கோகோ இறக்கி முடியறவரைக்கும் ஒருத்தனும் வரமாட்டான்.”

“நெசமாவா?”

“நான் சொல்றேன்ல? போய் நிம்மதியாத் தூங்கு.”

பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவி எழுந்து வந்து, பாராட்டாக, எபோவின் நெற்றியில் கைக்குட்டையை ஒற்றிவிட்டாள்.

அவன் அதைச் சும்மா சொல்லவில்லை. அன்று காலை வண்டியில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபடி மேனேஜர் சொன்னது அது: ‘அறுவடைக்கு முன்னாடி நாம அங்க போகமாட்டோம்னு நினைக்கிறேன்.’ வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது எபோ இதை எசியிடம் சொன்னான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. எங்கிருந்து கேட்டாய் என்று ஒச்சியாமேயை யாரும் கேட்பதில்லை.

அத்தோப்ரா புதுத் தகரம் போட்டான். கீழ்த்தெருவில் யாரும் சாமான் கட்டவில்லை.

கோகோக் காய்கள் மஞ்சளாகத் தொடங்கிய வாரத்தில் புல்டோசர் வந்தது. முன்னால் சிப்பாய்கள் ஒரு லாரி நிறைய. பின்னால் மேனேஜரின் வண்டி, அதை ஓட்டிக்கொண்டு எபோ. அவனுக்கும் அன்று காலையில்தான் தெரியும்.

முதல் மரம் சாய்ந்தபோதே கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கி எபோவின் மடியில் கொட்டியது. மேனேஜர் பின்கதவு வழியாகச் சிப்பாய்களிடம் ஓடிவிட்டார். எபோ கதவைப் பூட்டுவதற்குள் பத்துக் கைகள் உள்ளே நுழைந்தன.

“இழுடா வெளிய! போய்த் தூங்குன்னானே, இவனைத் தூங்க வைங்கடா!”

“கம்பெனியோட வாயை உடை!”

கூட்டத்தில் எல்லாம் தெரிந்த முகங்கள். இவன் வண்டியில் ஓசியில் ஏறிச் சந்தைக்குப் போனவர்கள். ஒருவன் கத்தியின் தட்டைப் பக்கத்தால் தாடையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அடித்தவனுக்கே கேட்டது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். கோகோக் காய் பறிக்கும் கழியை விலாவில் இறக்கினார்கள். பெண்கள் செருப்பால் அடித்தார்கள். கைக்குட்டையால் ஒற்றிய கிழவி மண்ணை அள்ளி அவன் வாயில் திணித்தாள்.

அத்தோப்ராவுக்கு அன்று எல்லாரையும்விட ஆத்திரம் இருந்திருக்க வேண்டும். புதுத் தகரம் அவன் கண்ணெதிரே புல்டோசருக்கு அடியில் மடிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஓடிவந்து எபோவின் மேல் குப்புற விழுந்தான்.

“விடுங்கடா! செத்துருவான்! என் சகலைடா!”

அப்போது சிப்பாய்கள் சுட்டார்கள். மேலே பார்த்துச் சுட்டோம் என்றார்கள் பிறகு. குண்டு அத்தோப்ராவின் கழுத்தில் பாய்ந்தது. எபோ மேல் கிடந்தபடியே, கால்களை உதைத்து உதைத்து, அவன் அடங்கினான்.

ஊர்க் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். அக்ராவிலிருந்து கம்பெனி வக்கீலம்மா வந்திருந்தார். எபோவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. செலவு கம்பெனியுடையது.

“இவர் வண்டி ஓட்டுறவர்,” என்றார் வக்கீலம்மா. “வாக்குக் கொடுக்கிற அதிகாரம் இவருக்கு இல்ல. துக்க வீட்டுல குடிச்சிட்டுச் சொந்தக்காரங்ககிட்ட உளறினதெல்லாம் கம்பெனி சொன்னதா ஆகுமா?”

தலைவரின் ஒச்சியாமே கோலை ஊன்றி எழுந்தார். “நிலம் கேக்க வந்தன்னைக்குப் பேசினது யாரும்மா?”

“இவர்தான். ஆனா அது மேனேஜர் சொன்னதை மொழிமாத்திச் சொன்னது.”

“எங்க காதுக்கு ரெண்டும் ஒரே குரல்தான்.”

“மத்த நாள்ல கம்பெனி நாக்கு, சனிக்கிழமைன்னா சொந்த நாக்கைப் போட்டுக்குவார் போல!” என்று பின்னால் ஒருவன் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

வக்கீலம்மா கோபப்படவில்லை. “மேலிடத்துல யாராவது சொல்லி இவர் சொல்லியிருந்தா அது வேற விஷயம். அப்ப கம்பெனி பதில் சொல்லியாகணும், வீட்டுக்கும் உயிருக்கும். அதை இவரே சொல்லட்டும். மிஸ்டர் குவான்சா, யாராவது சொன்னாங்களா?”

மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மென்சிமா முன்வரிசையில் உட்கார்ந்து எபோவையே பார்த்தாள். எபோ இல்லையென்று தலையசைத்தான்.

மறுநாள் மீண்டும் கூடுவதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

காலையில், சட்டையைக் கொடியில் உலர்த்திவிட்டு, எசி சோளக்கஞ்சியை நீர்க்கக் கரைத்து எபோவுக்குக் குழலில் உறிஞ்சக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மென்சிமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் அத்தோப்ராவின் தோப்புக் கத்தி இருந்தது. எசி தம்ளரைக் கீழே வைத்து, இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“பயப்படாதக்கா. வெட்டணும்னா நேத்தே வெட்டியிருப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்குப் பந்தல்ல சொன்னாரே, அவராச் சொன்னாரா?”

எசி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

“இல்லடி. காலையில வண்டில மேனேஜர் சொல்லியிருக்கான். அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொன்னாரு.”

மென்சிமாவின் கத்தி நுனி தரையில் இடித்தது.

“அப்ப நேத்து ஏன் தலையாட்டினாரு?”

“தாடைக்கு இன்னும் ரெண்டு ஆபரேஷன் இருக்கு,” என்றாள் எசி. சொன்னபோது அது அவள் காதுக்கே நன்றாக இல்லை. “நான் வந்து சொல்றேன், மென்சிமா.”

“பொண்டாட்டி சொன்னா அந்தம்மா கேக்கமாட்டா. ‘இவரே சொல்லட்டும்’னாளே நேத்து?” மென்சிமா அக்காவைத் தள்ளிக்கொண்டு எபோவின் முன்னால் போய் நின்றாள். “அத்தான், உங்க மேல விழுந்து கிடந்தான் அவன். உங்களை அடிக்கிறவங்ககூட நின்னிருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பான். இன்னைக்குக் கூடத்துல சொல்லுவீங்களா?”

எபோவின் தாடைக் கம்பிக்குள்ளிருந்து ஏதோ காற்று மாதிரி வந்தது.

“பேச வேண்டாம். மேனேஜர் பக்கம் கையைக் காட்டினாலே போதும். காட்டுவீங்களா?”

வாசலில் ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கம்பெனி வண்டி.

எபோ எழுந்தான். மோவாயில் வழிந்த கஞ்சியைப் புறங்கையால் துடைத்தான். மென்சிமாவின் கத்தி காலில் பட்டுவிடாமல் ஒதுங்கி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் வண்டியில் ஏறினான்.